திருச்சியில் கிறிஸ்துமஸ் ராத்திரி: சாப்பிடாத விருந்துக்கு 7,200 ரூபாய்

டிசம்பர் 24 மதியம் ஹோட்டல் வரவேற்பில் சாவி கேட்டு நின்றோம். "இன்னைக்கு நைட் காலா டின்னர் கம்பல்சரி மேடம், அதுக்குத் தனியா பே பண்ணணும்" என்றார் அங்கிருந்த பெண். பெரியவர்களுக்குத் தலைக்கு 1,800 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. நான், என் கணவர், அத்தை, இரண்டு பிள்ளைகள், ஆக மொத்தம் 7,200. அறை வாடகை முழுவதையும் அக்டோபரிலேயே ஆன்லைனில் கட்டியிருந்தோம். கையில் இருந்த புக்கிங் தாளில் காலை உணவு உண்டு என்று போட்டிருந்தது. இரவு விருந்தைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

விமான நிலையத்தின் புது முனையம், குடிநுழைவு, டாக்சி எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. இந்த விருந்து விஷயம்தான் சிங்கப்பூர் திரும்பிய பிறகும் மனதை விட்டுப் போகவில்லை.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "எல்லா ஹோட்டல்லயும் இப்படித்தான் மேடம். டிஜே இருக்கு, கிறிஸ்துமஸ் தாத்தா வருவார், பசங்களுக்கு கிஃப்ட் உண்டு. எட்டு மணிக்கு ஆரம்பிச்சு பதினொன்றரை வரைக்கும்."

"அந்த நேரத்துல நாங்க பூசைக்குப் போகணுமே?"

"எந்தப் பூசைக்கு மேடம்?"

பணத்தைவிட இந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் ஊருக்கே தெரிய நிற்கிறது. பாலக்கரையில் தெருவுக்குத் தெரு ஸ்டார் தொங்குகிறது. இந்த ஊரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி வந்து இறங்கும் குடும்பம் எந்தப் பூசைக்குப் போகும்? அவருக்கு எந்த மதமாக இருந்தாலும் சரி, திருச்சியில் ஹோட்டல் நடத்துகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என்னோடு பள்ளியில் படித்த இந்து, முஸ்லிம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் நடுச்சாமப் பூசை தெரியும். முடிந்ததும் குடில் பார்க்க எங்களோடு வருவார்கள்.

சரி, சாப்பிட வரமாட்டோம், பணத்தை விட்டுவிடுங்கள் என்றோம். முடியாது, கணக்கு சிஸ்டத்தில் ஏறிவிட்டது என்றார். அப்படியானால் சாப்பாட்டைப் பார்சலாகக் கொடுங்கள் என்றோம். பஃபேயில் பார்சல் கிடையாது. ஒரு மணிக்கு மேல் வருவோம், ஐந்து தட்டு எடுத்து வைக்க முடியுமா? அதுவும் முடியாது. வேறு ஹோட்டல் பார்க்கலாம் என்று என் கணவர் போனை எடுத்தார். மார்கழி மாதம், ஸ்ரீரங்கத்தில் பகல்பத்துக் கூட்டம், ஐயப்பன் பக்தர்கள், அரையாண்டு விடுமுறை வேறு. ஊரில் அறை கிடைக்குமா? அது மேனேஜருக்கும் தெரியும். அத்தை பயணக் களைப்பில் சோபாவில் சாய்ந்துவிட்டார். கட்டினோம்.

சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டிருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 9 சதவீத ஜிஎஸ்டியும் மேலே வரும் என்று குழந்தைக்கும் தெரியும். பிடிக்காவிட்டால் அந்தக் கடைக்குப் போகாமல் இருக்கலாம். பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, வாசலில் பெட்டியோடு நிற்கிறவர்களிடம் புதிதாக ஒரு தொகையை யாரும் நீட்டுவதில்லை. என் ஊரை விட்டுக்கொடுத்துப் பேச எனக்குப் பிடிக்காது. ஆனால் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த என் கணவரும் அத்தையும் பக்கத்தில் நிற்கும்போது இது நடந்தது. முகம் சுண்டிப் போயிற்று.

அப்புறம் வெளியே போனோம். அங்கே இருந்தது நான் இவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்ட திருச்சி.

பாலக்கரையில் அண்ணன் வீட்டுத் தெருப் பையன்கள் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வைக்கோல் கூரை, களிமண்ணில் மலை, இரண்டு வாரம் முன்னாலேயே தட்டில் விதைத்து முளைக்கவைத்த கேழ்வரகுதான் புல்வெளி. என் மகன் ஆட்டுப் பொம்மைகளை இடம் மாற்றி வைக்க, யாரும் தடுக்கவில்லை. "தம்பி, அந்த ஒட்டகத்தையும் நீயே வைப்பா" என்று கொடுத்தார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் 1984 முதல் வருடம் தவறாமல் விளக்கு போடுகிறார்கள், ஒவ்வொரு டிசம்பரும் நாங்கள் போய்ப் பார்க்கிறோம், அழகுதான். ஆனால் அது கடைத்தெரு அலங்காரம். நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கை வைக்க ஒன்றும் இல்லை.

இரவு மெயின்கார்டு கேட் பக்கம் ஆட்டோ போகவே முடியவில்லை, இறங்கி நடந்தோம். லூர்து அன்னை ஆலயம் நிரம்பி, செயின்ட் ஜோசப் கல்லூரி வளாகம் வரைக்கும் கூட்டம். அத்தை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம ஓஃபிர் ரோடு கோயில் மாதிரியே இருக்கேம்மா" என்றார். அவருக்கு ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் நடந்தது அந்தக் கோயிலில்தான். சிங்கப்பூர் தமிழ்க் கத்தோலிக்கர்களின் லூர்து அன்னை ஆலயம் அது, 1888இல் திறந்தது. திருச்சிக் கோயில் 1890களில் சேசு சபையினர் எழுப்பியது. இரண்டுமே பிரான்சில் இருக்கும் லூர்து ஆலயத்தைப் பார்த்துக் கட்டியவை. அங்கிருந்து ஒரு கிளை கடல் தாண்டிச் சிங்கப்பூருக்கும், இன்னொன்று காவிரிக்கரைக்கும் வந்திருக்கிறது. அத்தைக்குத் திருச்சி அந்த நொடியில் சொந்த ஊராகிவிட்டது.

பூசையில் 'உன்னதங்களிலே' பாட்டு தொடங்கியதும் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. பாலன் இயேசு சொரூபத்தைக் குடிலுக்கு எடுத்துப் போனார்கள். பின்னால் இருந்த பாட்டிகள் பாடகர் குழுவை முந்திக்கொண்டு பாடினார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் இளைஞர்கள் கேக்கும் சூடான காபியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், யார் என்ன என்று கேட்கவில்லை. அண்ணி தூக்குவாளியில் அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தார். எங்கள் ராத்திரிச் சாப்பாடு அதுதான். திரும்பும்போது ஆட்டோக்காரர் தூங்கும் மகளைப் பார்த்து, "புள்ளையப் படுக்க வைங்கக்கா, நான் மெதுவா ஓட்டுறேன்" என்றார். பண்டிகை ராத்திரி என்று பத்து ரூபாய்கூட அதிகம் கேட்கவில்லை.

ஹோட்டலுக்கு வந்தபோது கூடத்தில் கலர் காகிதம் சிதறிக் கிடந்தது. ஏதாவது மீதம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் எடுத்தாச்சு மேடம் என்றார்கள்.

26ஆம் தேதி காலி செய்யும்போது பில்லைப் பார்த்தால் அந்த விருந்துக்கு 10 சதவீத சேவைக் கட்டணமும் சேர்ந்திருந்தது. எங்களுக்கு யாரும் பரிமாறவே இல்லையே! என் கணவர் பொறுமையானவர், ஆனால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். ஹோட்டல்களும் உணவகங்களும் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அந்த 720 ரூபாயை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு விதி தெரிந்தே இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். 7,200 மட்டும் அப்படியே நின்றது.

வெளியூர்க்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் தர வேண்டும் என்று அந்த ஹோட்டல் நினைப்பது நல்லதுதான். ஆனால் எந்த ஊரிலும் கிடைக்கும் டிஜேயை வாங்கி வைத்து, இந்த ஊரில் மட்டும் கிடைப்பதை மறைத்துவிடுகிறார்களே. ஒரே ஒரு தாள் அச்சடித்து அறையில் வைத்தால் போதும். லூர்து அன்னை, சகாய மாதா கோயில்களில் பூசை எத்தனை மணிக்கு. கோட்டைப் பகுதியில் 1766இல் ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் ஆராதனை எப்போது. 1826இல் இங்கேயே இறந்த பிஷப் ஹீபரின் கல்லறை இருக்கும் புனித யோவான் ஆலயத்துக்கு எப்படிப் போவது. ஒருநாள் கார் எடுத்தால் தஞ்சாவூர். சிவகங்கைப் பூங்காவில் 1779இல் எழும்பிய சுவார்ட்ஸ் ஆலயத்துக்குள், சாகக் கிடக்கும் அந்தப் பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு சரபோஜி மன்னர் நிற்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது, செய்யச் சொன்னது மன்னரே. ஓர் இந்து அரசர் தனக்குக் குருவாக இருந்த ஜெர்மானியருக்கு எழுப்பிய நினைவு. நாங்கள் அதைப் போய்ப் பார்த்தோம். அத்தை அந்தச் சிற்பத்தின் முன்னாலிருந்து நகரவே இல்லை. இதைச் சொல்ல அந்த ஹோட்டலில் ஒருவர் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

புக்கிங் நிறுவனத்துக்கு எழுதினேன். ஹோட்டலிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது, அதோடு சரி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் பதிந்திருக்கிறேன்.

வருகிற டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் அறைக்குப் பணம் கட்டும் முன்னால் ஹோட்டலுக்கே நேராகப் போன் செய்து, 24, 31 இரண்டு ராத்திரிக்கும் விருந்து கட்டாயமா, என்ன விலை என்று கேளுங்கள். வாயால் சொல்வது போதாது, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பூசை நேரத்தை இணையத்தில் தேடுவதைவிடக் கோயில் அலுவலகத்தில் கேட்பது நல்லது. நான் அண்ணனிடம் பாலக்கரையிலேயே பத்து நாளைக்கு ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கச் சொல்லிவிட்டேன். குடில் கட்டத் தொடங்கும் நாளிலேயே போய்விட வேண்டும் என்பது என் மகனின் நிபந்தனை.