செப்சிஸ் அழற்சியைத் தணிக்கும் பழைய மருந்துகள்: ஹைட்ரோகார்ட்டிசோனா, வைட்டமின் சியா, அனகின்ராவா?

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்வந்த என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அவருடைய காலில் பட்ட சிறு காயம் சீழ்பிடித்து, செப்சிஸாக முற்றியது. நாகர்கோவிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த மறுநாள் பெரியம்மா, மருந்தாளுநரான என்னைத் தனியே அழைத்து, "மக்கா, வைட்டமின் சி ஊசி போட்டா தேறிருவாருன்னு சொல்லுதாங்களே, டாக்டர்ட்ட கேட்டுப் பாப்பமா?" என்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. செப்சிஸில் கிருமியோடு சேர்ந்து, அதை எதிர்க்கக் கிளம்பிய நம் உடலின் அழற்சியும் கட்டுமீறி உறுப்புகளைச் சிதைக்கிறது. விலை குறைந்த, பக்கவிளைவுகள் தெரிந்த பழைய மருந்தொன்றால் அதை அடக்க முடிந்தால் நல்லதுதான். ஆனால் அழற்சியின் அறிகுறி தணிவதும் உயிர் பிழைப்பதும் ஒன்றல்ல. 1997இல் வெளியான ஆய்வில் 455 நோயாளிகளிடம் ஐபுப்ரோஃபென் காய்ச்சலையும் நாடித்துடிப்பையும் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை.

ஸ்டீராய்டு வகை மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனுக்கே நான் முதலிடம் தருவேன். இரத்த அழுத்தம் விழுந்து, அதை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து தொடர்ந்து தேவைப்படும் செப்டிக் ஷாக் நிலையில் நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் தருவதை 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. 2018இல் ஏறத்தாழ 3,800 பேரிடம் நடந்த ‘அட்ரீனல்’ என்ற ஆய்வில், 90 நாள் இறப்பு இந்த மருந்து பெற்றவர்களிடம் 27.9 சதவீதம், பெறாதவர்களிடம் 28.8 சதவீதம், அதாவது, கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும் ஷாக் நிலை நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாளில் நீங்கியது. அதே ஆண்டு 1,241 பேரிடம் இதனுடன் ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுத்த பிரெஞ்சு ஆய்விலோ இறப்பு 49.1 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் குறைந்தது. பெரியப்பாவுக்கு ஆறு மணி நேரத்துக்கொருமுறை 50 மில்லிகிராம் போட்டார்கள். படுக்கையோரச் சிரிஞ்ச் பம்பில் நார்அட்ரினலினின் எண் மெல்லமெல்ல இறங்கியதை நான் கண்ணெடுக்காமல் பார்த்திருக்கிறேன். கூடவே சர்க்கரை ஏறியதால் இன்சுலினைக் கூட்ட வேண்டியிருந்தது. ஷாக் இல்லாத செப்சிஸுக்கு இதை வழக்கமாகத் தருவதில்லை.

வைட்டமின் சி பற்றிய நம்பிக்கை, 2017இல் ஒரே மருத்துவமனையில் 47 நோயாளிகளை முந்தைய 47 பேரோடு ஒப்பிட்ட அறிக்கையிலிருந்து பரவியது. 2022இல் 872 பேரிடம் முறையாகச் சோதித்த ‘லோவிட்’ என்ற ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. வைட்டமின் பெற்றவர்களில் 44.5 சதவீதத்தினர் இறந்தனர் அல்லது உறுப்புச் செயலிழப்பிலிருந்து மீளாதிருந்தனர். பெறாதவர்களில் அது 38.5 சதவீதம். சர்க்கரை நோயாளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அதிக அளவு வைட்டமின் சி உடலில் இருக்கும்போது, விரலில் குத்திப் பார்க்கும் சில குளுக்கோமீட்டர்கள் இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றுவது மெய்யான சர்க்கரை. அதை அளந்து சரிசெய்துவிடலாம்.

கொலஸ்ட்ரால் மருந்தான ரோசுவாஸ்டாட்டின் 2014ஆம் ஆண்டின் ஆய்வில் பலன் தராததால் அதை ஒதுக்கிவிடலாம்.

முடக்குவாதத்துக்கான அனகின்ராவை மட்டும் முற்றாகத் தள்ள எனக்கு மனமில்லை. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைத் தடுக்கும் இது, 1990களின் செப்சிஸ் ஆய்வில் தோற்றது. ஆனால் 2016இல் அதே தரவுகளை மீண்டும் அலசியபோது, கல்லீரல் பாதிப்பும் இரத்தம் உறைவதில் கோளாறும் ஒருசேர இருந்த சிறு பிரிவினரில், 28 நாள் பிழைத்தவர்கள் மருந்து பெற்றவர்களிடம் 65.4 சதவீதமாகவும் பெறாதவர்களிடம் 35.3 சதவீதமாகவும் இருந்தனர். பின்னோக்கிய அலசல் என்பதால் இதை ஒரு தடயமாகவே கொள்கிறேன்; எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்க இது போதாது.

பெரியம்மாவிடம், "வைட்டமின் சி வேண்டாம் பெரியம்மா, இப்ப போடுற மருந்தே சரியானதுதான்" என்றேன். அந்த மருந்துக்கும் முன்னதாக, வந்து சேர்ந்த முதல் மணி நேரத்திலேயே ஆன்டிபயாட்டிக் ஏற்றி, அன்றிரவே காலைக் கீறிச் சீழை வெளியேற்றியிருந்தார்கள்.