சுருதிப்பெட்டியை விழுங்காத ஜிட்சி

ஆன்லைனில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 2025 மே 5-ல் ஸ்கைப் மூடப்பட்டதும், எல்லாரும் சொன்ன ஒரு செயலிக்கு மாறினேன். கோத்தகிரியில் நான் சுருதிப்பெட்டியைப் போட்டால், டொராண்டோவில் இருக்கும் மாணவிக்கு முதல் ரெண்டு விநாடிதான் கேட்கும்; அப்புறம் தேய்ந்து காணாமல் போய்விடும். விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை மின்விசிறி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு மென்பொருள் அழித்துவிடுகிறது. சுருதி இல்லாமல் என்ன பாட்டு?

அப்போதுதான் ஜிட்சி மீட் என்ற வீடியோ அழைப்புச் செயலிக்கு வந்தேன். 2003-ல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர் எமில் இவோவ் தொடங்கிய ஜிட்சி திட்டத்திலிருந்து பின்னாளில் வந்த கட்டற்ற மென்பொருள் இது. மூலநிரல் திறந்து கிடப்பதால், எந்த அமைப்பை எப்படி மாற்றலாம் என்பதும் வெளிப்படை. வகுப்பு முகவரியின் கடைசியில் சின்னதாக ஒரு கட்டளை சேர்த்தேன். இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலியளவைத் தானே ஏற்றி இறக்குவது எல்லாம் நின்றன. "டீச்சர், இப்போ பஞ்சமம்கூடத் தனியாக் கேக்குது" என்றாள் மாணவி. அன்றைக்கு அவள் பாடிய தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தின் அசைவு முழுசாக என் காதுக்கு வந்தது. அதற்காகவே இந்த மென்பொருளுக்குக் கும்பிடு போடலாம்.

ஐப்பசி மழையில் எங்கேயாவது கற்பூர மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்தால், ஒற்றைக் கோடு சிக்னலில் போன் டேட்டாதான் கதி. வீடியோவை அணைத்துவிட்டால் குரல் தாக்குப்பிடிக்கிறது. ஒலியைச் சுருக்கி அனுப்ப இதிலுள்ள ஓபஸ் முறைக்குக் குறைந்த இணைய வேகமே போதும். இருவர் மட்டும் பேசும்போது, முடிந்தவரை இரு கருவிகளுக்கும் இடையே நேரடியாகவே இணைப்புப் போகிறது.

குறைகளும் உண்டு. ஜிட்சியின் பொதுத் தளத்தில் (meet.jit.si) வகுப்புக்கான அறை திறக்க, 2023 ஆகஸ்ட்டிலிருந்து ஆசிரியர் கூகுள், ஃபேஸ்புக், கிட்ஹப் இவற்றில் ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும்; மாணவர்களுக்கு இணைப்பு மட்டும் போதும். ஸ்கைப்பில் காசு போட்டு லேண்ட்லைனுக்கு அழைத்த மாதிரி அந்தப் பொதுத் தளத்திலிருந்து அழைக்க முடியாது. சேர்ந்து பாடுவதும் நடக்காது, தாமதத்தில் தாளம் பிசகும். இவ்வளவு தூரத்துக்கு அது எந்தச் செயலியிலும் அப்படித்தான். நான் ஒரு வரி, மாணவி ஒரு வரி என்றே வகுப்பை அமைத்திருக்கிறேன்.

எதிரொலி நீக்கத்தை நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். கம்பி உள்ளதாக வாங்குங்கள். ப்ளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடும்போது ஒலித்தரம் இறங்கிவிடும்.