பைப் வாங்கப் போறவங்க இதைப் படிச்சுப்போட்டுப் போங்க: 1,47,000 ரூபாய் போச்சு

புது வீட்டுப் புண்ணியார்ச்சனை (கிரகப்பிரவேசம்) முடிஞ்சு மூணரை மாசந்தாங்க ஆச்சு. இன்னைக்குக் காலையில இருந்து புது வீட்டு பாத்ரூம் செவுத்தை உடைச்சுட்டிருக்கோம். 1,47,000 ரூபாய். வயித்தெரிச்சல்ல எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

நமக்கு கோபிசெட்டிபாளையம் பக்கம். போர்த் தண்ணி உப்பு. பழைய வீட்டுல இரும்பு பைப்புக்குள்ள உப்புப் படிஞ்சு சுண்டுவிரல் நுழையாது. அதனால இந்தத் தடவை இரும்பே வேண்டாம்னு முடிவு. மாடியில சோலார் ஹீட்டர் வர்றதால வீட்டுக்குள்ள பூரா சி.பி.வி.சி. (சுடுதண்ணி தாங்கற பிளாஸ்டிக் பைப்), மோட்டார்ல இருந்து டேங்குக்கு ஏத்தற லைனுக்கு வெள்ளை யு.பி.வி.சி. (பச்சைத் தண்ணிக்கு மட்டும் ஆகற பிளாஸ்டிக் பைப்). இதுவரைக்கும் சரியாத்தான் யோசிச்சேன். வாங்கப் போன எடத்துலதான் சனி புடிச்சுது.

ஈரோட்டுல ஒரு பைப், பிட்டிங்ஸ் மொத்தக் கடை. பேரு போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. கல்லாவுல நெத்தி நெறையத் துண்ணூறோட ஒரு பெரியவர். "எந்த ஊருங்க?"ன்னாரு. சொன்னேன். "அட, எங்க அமுச்சி (அம்மாவைப் பெத்தவங்க) ஊரு அங்கதானுங்களே! அப்ப நீங்க நமக்கு மாப்ள முறை ஆகுது"ன்னு டீ வாங்கிக் குடுத்தாரு. ஒரு பைப்பை எடுத்து ரெண்டு கல்லு மேல வெச்சு, அந்த வயசுல அவரே ஏறி நின்னு காட்டுனாரு. "பாருங்க மாப்ள, வளையுதா?" வளையலைங்க. அங்கதான் நான் வளைஞ்சேன்.

68,400 ரூபாய்க்குச் சரக்கு. "பில்லு போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், சொந்தக்காரர்கிட்ட எதுக்குங்க"ன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. 12,000 மிச்சம்னு நானும் பல்லைக் காட்டிட்டு வாங்கிட்டு வந்தேன். அந்த ஆசை என்னோட தப்புதான், ஒத்துக்கறேன்.

வேலை நடக்கையில பிளம்பர், "அண்ணா, மேல இருக்கற எழுத்து கையில ஒட்டுதுங்க"ன்னாரு. போன் பண்ணுனா, "புது லாட்டு மாப்ள, அப்படித்தான்". பூசறதுக்கு முன்னாடி பம்ப் வெச்சு அழுத்தம் கூட பார்த்தோம், ராத்திரி பூரா முள்ளு அசையலை. ஆனா அது பச்சைத் தண்ணி. சோலார் தண்ணி ஓட ஆரம்பிச்ச பொறவுதான் குட்டு வெளிப்பட்டுது. செவுத்துல ஓதம், அப்பறம் கீழ் ரூம் சீலிங்ல சொட்டு.

போன் பண்ணேன். "டைல்ஸ் சந்துல எறங்குது மாப்ள, க்ரவுட் பூசுங்க." பூசுனேன். மறுக்கா பண்ணேன். "பிளம்பர் பைப் ஒட்டற சொலூசன் சரியாப் போட்டிருக்க மாட்டான்." மூணாவது தடவை மகன் எடுத்து, "அப்பா பழனிக்கு நடந்து போயிருக்காருங்க"ன்னான். தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரமாச்சு, இன்னும் நடந்துட்டே இருக்காராம். நேர்ல போனேன். கல்லாவுலதான் உக்காந்திருந்தாரு. "யாருங்க சார்? பில்லு இருக்குங்களா?" மாப்ளயா உள்ள போனவன் சாரா வெளிய வந்தேன்.

உடைச்செடுத்த பைப்ல ஒரு துண்டு, வேற கடையில வாங்குன நல்ல சி.பி.வி.சி. ஒரு துண்டு, ரெண்டையும் கொதிக்கற தண்ணியில போட்டோம். நல்லது வெறைப்பாவே நின்னுது. நம்முது வெந்த முருங்கைக்காயாட்டம் தொவண்டுபோச்சு. யு.பி.வி.சி.க்கு சி.பி.வி.சி.யோட சந்தனக் கலர் குடுத்து வித்திருக்காங்க. யு.பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல எளகும், சி.பி.வி.சி. 90 வரைக்கும் தாங்கும். நம்ம வெயிலுக்கு சோலார் தண்ணி 60-ஐ சாதாரணமாத் தாண்டும்.

அந்த 68,400, புதுப் பைப்பு, கொத்தனார் கூலி, டைல்ஸ் எல்லாஞ் சேர்த்துத்தான் 1,47,000. பழைய டைல்ஸ் டிசைன் இப்ப வர்றதே இல்லையாம், அது வேற.

என்னென்ன பார்த்து வாங்கணும்னு வெவரமா எழுதத்தான் உக்காந்தேன், நேரமில்லீங்க. சி.பி.வி.சி. மேல அதோட தர நம்பர் ஐ.எஸ். 15778-ம், ஐ.எஸ்.ஐ. முத்திரையோட சி.எம்./எல். நம்பரும் (கம்பெனியோட லைசென்ஸ் நம்பர்) இருக்கணும். என் பைப்ல முத்திரை மட்டுந்தான் இருந்துச்சு. அந்த லைசென்ஸ் நம்பரை, ஐ.எஸ்.ஐ. முத்திரை குடுக்கறவங்களோட பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனின்னு காட்டும். எழுத்து நகத்துல சுரண்டுனா வரக்கூடாது. சி.பி.வி.சி.க்குன்னு தனி சொலூசன் இருக்குது, "ரெண்டுக்கும் ஒண்ணே போதும்"னா எந்திரிச்சு வந்துருங்க. பில்லு, பில்லு, பில்லு. நான் நுகர்வோர் உதவி நம்பர் 1915-க்குப் போன் பண்ணுனப்ப அவங்க மொதல்ல கேட்டதும் அதைத்தான்.

கொத்தனாரு கூப்பிடறாரு. சமையக்கட்டு செவுத்துலயும் ஓதம் தெரியுதாமா. அது இந்த 1,47,000-ல சேரலைங்க.