பழைய சூப்பர்நோவாக்களின் எக்ஸ் கதிர்: சந்திராவா, எக்ஸ்எம்எம்-நியூட்டனா?

வெடித்துப் பல பத்தாண்டுகள் கடந்த ஒரு சூப்பர்நோவா (வாழ்வின் முடிவில் வெடித்துச் சிதறிய விண்மீன்) இன்னும் எக்ஸ் கதிரை உமிழ்கிறதா என்று தேட விரும்பும் திருகோணமலை மாணவருக்குத் தொலைநோக்கி இல்லையே என்ற குறை தேவையில்லை. வளிமண்டலம் எக்ஸ் கதிரை உறிஞ்சிவிடுவதால் உலகின் எந்தக் கரையில் நின்றாலும் அதைக் காண இயலாது. விண்வெளித் தொலைநோக்கிகளின் பதிவுகளோ, பெரும்பாலும், நோக்கியவர்களுக்கே உரிய காப்புக்காலம் முடிந்ததும் இணையக் களஞ்சியங்களில் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தக் களஞ்சியத்தை முதலில் திறப்பது என்பதே கேள்வி.

வெடிப்பில் சிதறிய பொருள், அவ்விண்மீன் சாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே காற்றாக வெளியேற்றிய வாயுவில் மோதும்போது, அதிர்ச்சி அலை அனைத்தையும் பல மில்லியன் பாகைக்குச் சூடேற்றுகிறது; எக்ஸ் கதிர் அங்கிருந்தே பிறக்கிறது. வேறு பேரடைகளிலிருந்து நம்மை வந்தடைபவை மிகச் சில ஃபோட்டான்களே (ஒளித்துகள்களே) என்பதால், அதிகம் சேகரிக்கும் கருவியே சிறந்தது என்று தோன்றும். அவ்வகையில் 1999 டிசெம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பிய எக்ஸ் கதிர் விண்கலமான எக்ஸ்எம்எம்-நியூட்டன் முந்துகிறது: ஒன்றுக்குள் ஒன்றாக 58 ஆடிகள் அடுக்கிய மூன்று தொலைநோக்கிகள் அதில் உள்ளன.

ஆயினும், கண்டறிதல் ஒன்றே நோக்கமானால், அதே ஆண்டு ஜூலையில் ஏவப்பட்ட, நாசாவின் எக்ஸ் கதிர் தொலைநோக்கியான சந்திராவையே நான் தேர்வேன். ஒரு புள்ளி மூலத்தின் ஒளியில் பாதியை எக்ஸ்எம்எம் ஏறக்குறைய 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3,600இல் ஒரு பங்கு) விட்டத்தில் பரப்புகிறது, சந்திரா 0.5 வில்விநாடி அளவு நுணுக்கமுடையது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நள்ளிரவில் நம் தென்வானில் ஏறத்தாழ 50 பாகை உயரத்தில் நிற்கும் எம்83 பேரடையை எடுத்துக்கொள்வோம். 15 மில்லியன் ஒளியாண்டுத் தொலைவில், 15 வில்விநாடி என்பது ஏறக்குறைய 1,100 ஒளியாண்டு அகலம், 0.5 வில்விநாடி என்பது 36 ஒளியாண்டு மட்டுமே. அந்த 1,100 ஒளியாண்டுக்குள் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்களும் சுருள்கரத்தின் சூடான வாயுவும் அடங்கிவிடக்கூடும். கொட்டியாரக் குடாவில் இரவு மீன்பிடிக்கும் படகுகளின் விளக்குகள் தொலைவிலிருந்து ஒரே வெளிச்சமாகத் தெரிவதைப் போல, எது எதனுடையது என்று பிரிக்க முடியாமல் போகும்.

அப்பேரடையில் 1957இல் தோன்றிய சூப்பர்நோவா 1957டி இதற்குச் சான்று. 2000, 2001ஆம் ஆண்டுகளில் சந்திரா ஏறத்தாழ 14 மணிநேரம் நோக்கியும் அது தென்படவில்லை. 2010, 2011இல் மொத்தம் எட்டரை நாள் நோக்கியபோதே, வெடித்து 50 ஆண்டுகளுக்குப் பின்னர், அதன் எக்ஸ் கதிர் பிடிபட்டது.

சந்திராவிலும் குறைகள் உண்டு. மூலம் பார்வைப் புலத்தின் மையத்திலிருந்து விலகினால் அதன் கூர்மை விரைவாகக் கெடும். ஆகவே களஞ்சியப் படத்தில் சூப்பர்நோவா எங்கே விழுந்துள்ளது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். உணரிகளின் முன்னுள்ள வடிகட்டியில் ஆண்டுதோறும் படிந்துவந்த மாசு, குறைந்த ஆற்றல் கதிர்களைத் தடுப்பதால், மென்கதிர் மூலங்களுக்கு அண்மைக்காலப் பதிவுகள் பழையவற்றை விட வலுக்குறைந்தவை. அருகில் போட்டியில்லாத பிரகாசமான மூலத்தின் நிறமாலையை ஆராய்வதற்கு எக்ஸ்எம்எம் தெளிவாகவே மேலானது. எம்81இன் சூப்பர்நோவா 1993ஜே அத்தகையது. எக்ஸ்எம்எம்மின் பதிவுகளில், உணரிகளைத் தாக்கும் புரோத்தன் வீச்சு மிகுந்த நேரங்களை வெட்டி நீக்கிய பின்னரே கணக்கிட வேண்டும்.

வேறு எக்ஸ் கதிர் தொலைநோக்கிகளும் உண்டு. 2004இல் ஏவப்பட்ட சுவிஃப்ட்டின் சேகரிப்புப் பரப்பு சிறியது. மீண்டும் மீண்டும் நோக்கி ஒளிமாற்றத்தைத் தொடரவே அது உதவும். வானம் முழுவதையும் அளவிட்ட ஈரோசிட்டா 2022 பெப்ரவரியில் அவதானிப்பை நிறுத்தியது. அதன் குறுகிய நோக்கல்கள் இத்தேடலுக்குப் போதா.

சந்திராவின் படத்தில் மூலத்தின் ஒளி விழும் குறுகிய வட்டத்துக்குள் பின்னணி ஏறக்குறைய பூச்சியம் என்பதால் ஐந்தாறு ஃபோட்டான்களே கண்டறிதலாகிவிடலாம். ஒன்றுகூட விழாவிட்டாலும் உழைப்பு வீணாகாது: எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை மூன்றுக்கு மேற்படாது என்று 95 வீத உறுதியுடன் சொல்லலாம், அதிலிருந்து, விண்மீன் இழந்த வாயுவின் அடர்த்திக்கும் ஒரு மேல்வரம்பு கிடைக்கும்.