பாசிமணிப் பின்னல் இணையவழி வகுப்பு: பாடங்கள் சிறப்பு, பெட்டி குறைவு

தறி எதுவும் இல்லாமல், ஊசியும் நூலும் மட்டும் கொண்டு, சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளைப் பின்னி நகை செய்யும் கலையை வீட்டிலிருந்தே கற்க விரும்புவோருக்கான ஓர் இணையவழி வகுப்பைப் பற்றியது இந்த மதிப்பீடு. முன்பே பதிவு செய்யப்பட்ட காணொளிப் பாடங்களும், மணி, நூல், ஊசி, கொக்கி முதலியவை அடங்கிய ஒரு தொடக்கப் பெட்டியும் சேர்ந்து வருகின்றன. எல்லாப் பாடங்களையும் செய்து முடித்தபின் என் கருத்து இதுதான்: பாடங்கள் மிக நன்றாக உள்ளன, பெட்டி அந்தப் பாடங்களுக்கு ஈடாக இல்லை. கற்பிப்பவர் அழகான மாதிரிகளை அடுக்கிக்கொண்டே போவதில்லை. ஒவ்வொரு பின்னலிலும் நூல் எந்த மணிக்குள் எந்தத் திசையில் நுழைகிறது, ஏன் அங்கே நுழைகிறது என்பதை முதலில் விளக்கிவிட்டுத்தான் மாதிரிக்கு வருகிறார். பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்வதோடு ஒருவர் நின்றுவிடுவாரா, தாமே ஒரு நகையை வடிவமைக்கத் துணிவாரா என்பது அந்தப் புரிதலைப் பொறுத்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

வகுப்பு பெயோட்டி பின்னலில் தொடங்குகிறது. ஒரு மணியை விட்டு அடுத்த மணிக்குள் ஊசியைச் செலுத்தி, இடையிலுள்ள பள்ளத்தில் புதிய மணியை அமர்த்துவதே இதன் அடிப்படை. கேட்பதற்கு எளிதாக இருந்தாலும், புதிதாகக் கற்பவர்கள் சோர்ந்துபோகும் இடம் இதன் முதல் மூன்று வரிசைகள்தான். தொடக்கத்தில் கோத்த மணிகள் ஒரே வரிசைபோலத் தெரிந்தாலும், அடுத்த சுற்று மணிகளைச் சேர்க்கும்போது அவற்றுள் பாதி மேலும் பாதி கீழுமாக நகர்ந்து இரண்டு வரிசைகளாகப் பிரிகின்றன. அதாவது நாம் இரண்டாவது என்று நினைத்துச் சேர்ப்பது உண்மையில் மூன்றாவது வரிசை. இதைச் சொல்லாமலேயே கடந்துபோகும் காணொளிகள் ஏராளம். இந்த ஆசிரியர் முதல் இரண்டு வரிசைகளுக்கு இரண்டு நிற மணிகளை மாற்றி மாற்றிக் கோத்து, மூன்றாவது வரிசைக்கு வேறொரு நிறத்தை எடுக்கிறார்; மணிகள் பிரிந்து ஏறி இறங்குவதைக் கண்ணால் காணும்போது குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மணிகள் நழுவாமல் இருக்க நூலின் தொடக்கத்தில் தற்காலிகமாகச் சேர்க்கும் தடுப்பு மணியைப் பற்றியும் அவர் பொறுமையாகப் பேசுகிறார். அந்த மணிக்குள் ஊசியை ஒரே திசையில் மீண்டும் செலுத்தவேண்டும், முடிச்சுப் போடக்கூடாது, பின்னர் அதை அகற்றிவிட்டு, தொடக்கத்தில் மிஞ்சிய வால் நூலை உள்ளே நெய்துவிடவேண்டும் என்பவை சிறிய செய்திகள்தாம்; ஆனால் தொடக்க வரிசையின் இறுக்கம் முழுவதும் இவற்றையே சார்ந்திருக்கிறது.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் பெயோட்டி பின்னுவதற்கெனத் தனிப் பாடம் ஒதுக்கியிருப்பது பாராட்டத்தக்கது. இரட்டைப்படை எண்ணிக்கையில் இரு ஓரங்களிலும் ஊசி இயல்பாகத் திரும்பிவிடும். ஒற்றைப்படையில் ஓர் ஓரத்தில் கடைசி மணியைச் சேர்த்தபின் ஊசி நுழைவதற்கு அடுத்த மணி இருக்காது. எனவே பக்கத்து மணிகளின் வழியாக 8 என்ற எண்ணைப்போல நூலைச் சுற்றிக் கொண்டுவந்து திரும்பவேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று கற்பவர் கேட்கக்கூடும். நடுக்கோடு ஒன்றை வைத்து இருபுறமும் ஒத்த வடிவம் வரவேண்டுமானால், நடுவில் ஒரு மணி நிற்கும்படி எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தாகவேண்டும். இந்தக் காரணத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அந்தத் திருப்பத்தைக் கற்பது சலிப்பாக இல்லை.

அடுத்து வரும் பிரிக் பின்னல் பாடத்தைத்தான் இந்த வகுப்பின் மிகச் சிறந்த கற்பித்தலாகக் கருதுகிறேன். பெயோட்டி துண்டு ஒன்றைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்தால் பிரிக் பின்னலிலிருந்து பிரித்தறிவது கடினம். மணிகள் அமர்ந்திருக்கும் வரிசை அப்படியே ஒத்திருக்கும். நூல் செல்லும் வழியோ முற்றிலும் வேறானது. பெயோட்டியில் ஊசி முந்தைய வரிசையின் மணிக்குள் நுழைகிறது. பிரிக் முறையில் முந்தைய வரிசையின் இரு மணிகளுக்கு இடையே தெரியும் நூல் பாலத்தின் அடியில் புகுந்து, புதிய மணியின் வழியாகவே மீண்டும் மேலேறுகிறது. ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கட்டப்படுவதால், வரிசையின் ஓரங்களில் மணிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் எளிதாகிறது; முக்கோணம், சாய்சதுரம், இலை போன்ற வடிவங்களில் செய்யும் காதணிகளுக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணம் இதுவே. ஆசிரியர் ஒரே கோலத்தை இரண்டு முறைகளிலும் பின்னிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வளைத்துக் காட்டுகிறார். ஒன்று எந்தத் திசையில் இளகி வளைகிறதோ அந்தத் திசையில் மற்றொன்று விறைப்பாக நிற்பதைப் பார்த்தபின், எந்த நகைக்கு எந்தப் பின்னல் என்பதை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இருப்பதில்லை.

ஸ்கொயர் பின்னலுக்குச் சுருக்கமான பாடமே உள்ளது, அது போதும். தறியில் நெய்தது போன்ற நேரான கட்டங்கள் கிடைக்கும், நூல் பலமுறை செல்வதால் உறுதியும் மிகுதி, வேலை மட்டும் மெதுவாக நகரும்.

ஹெரிங்போன் பின்னல் தென்னாப்பிரிக்காவின் இந்தெபெலே மக்களின் மணிவேலையோடு தொடர்புடையது. அவர்கள் பெயராலும் இது அழைக்கப்படுகிறது. மணிகளை ஏணிப்படிகளைப்போலப் பக்கம் பக்கமாக இணைக்கும் ஏணிப் பின்னலால் ஓர் அடித்தளம் அமைத்து, அதன்மேல் இரண்டிரண்டு மணிகளாகச் சேர்க்கும்போது ஒவ்வொரு இணையும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நிற்கும். பெயோட்டியைப்போல நூலை இறுக்கி இழுத்தால் அந்தச் சாய்வு மறைந்துவிடும். தளர விட்டால் இணைகளுக்கு இடையே நூல் தெரியும். இந்த இடைநிலையைச் சொற்களால் விளக்குவது கடினம். ஆசிரியர் இறுக்கமாக ஒன்று, தளர்வாக ஒன்று, சரியாக ஒன்று என மூன்று துண்டுகளை அருகருகே காட்டுவது அதனால் பேருதவியாக இருக்கிறது. உருளையாகப் பின்னும்போது ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், முந்தைய சுற்றின் ஒரு மணியையும் இப்போதைய சுற்றின் முதல் மணியையும் சேர்த்து ஊடுருவி மேலேறவேண்டும் என்பதைச் சுற்றுதோறும் சலிக்காமல் நினைவூட்டுகிறார். அந்த ஏற்றத்தைத் தவறவிட்டால் சுற்றுகள் கலைந்து எண்ணிக்கையே பிசகிவிடும் என்பதால் இந்த நினைவூட்டல் மிகையாகத் தோன்றவில்லை.

வலைப்பின்னல் பாடத்தில் வரும் ஒரு வரலாற்றுச் செய்தி என் மனத்தை மிகவும் தொட்டது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பண்டைய எகிப்தின் மணிவலை ஆடை ஒன்று உள்ளது. கிசாவில் கிடைத்த அது, மன்னர் கூபுவின் காலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 4,500 ஆண்டுப் பழமை உடையது. அதைக் கோத்த நூல் மக்கிப்போய்விட்டாலும், சில மணிகள் தம் பழைய அமைப்பிலேயே கிடந்ததால் முழு ஆடையையும் மீண்டும் கோத்து உருவாக்க முடிந்தது. மணிகள் கிடக்கும் நிலையைக் கொண்டே கோப்பின் அமைப்பைத் திரும்ப அறிய முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்றை ஓர் ஆசிரியர் காட்டிவிட முடியாது.

ரைட் ஆங்கிள் வீவ் பாடத்தில்தான் வகுப்பு தடுமாறுகிறது. நான்கு மணிகள் ஒரு சதுரமாக நிற்க, பக்கத்துச் சதுரம் அவற்றுள் ஒரு மணியைப் பகிர்ந்துகொள்ளும் இந்த முறையில், ஊசி ஒரு சதுரத்தை வலஞ்சுழியாகவும் அடுத்ததை இடஞ்சுழியாகவும் சுற்றவேண்டும். சதுரத்தின் நடுவே உள்ள வெளியை நூல் எப்போதும் குறுக்கே கடக்கக்கூடாது. கடந்தால் அந்த வெளியில் நூல் பளிச்சென்று தெரிவதோடு, துணிபோலக் குழைய வேண்டிய பரப்பு விறைத்தும் போகும். ஆசிரியர் இதையெல்லாம் சரியாகவே சொல்கிறார். ஆனால் ஒளிப்பதிவில் அவருடைய இடக்கை விரல்கள் பெரும்பாலான நேரம் வேலையை மறைத்துக்கொண்டிருக்கின்றன. மற்றப் பாடங்களுக்கு இணைத்திருக்கும் அம்புக்குறி வரைபடமும் இதற்கு மட்டும் இல்லை. இரண்டாவது வரிசையில் முதல் சதுரத்துக்கு மூன்று மணிகளும் மற்றவற்றுக்கு இரண்டு மணிகளும் சேர்க்கவேண்டியிருப்பதால், வரைபடம் இல்லாமல் காதால் கேட்டு மட்டும் பின்தொடர்வது மிகவும் கடினம். திசைமாற்றமே உயிராக உள்ள ஒரு பின்னலுக்கு வரைபடம் இல்லாதது பெருங்குறை; அடுத்த பதிப்பில் இதைக் கட்டாயம் சரிசெய்யவேண்டும்.

இனி பெட்டி. இதில் இருப்பவை 11/0 அளவுள்ள உருண்டை மணிகள். இந்த எண் கூடக்கூட மணி சிறிதாகும். 8/0 ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 11/0 ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 15/0 அதனினும் சிறியது. அளவைக் குறைசொல்வதற்கில்லை. தரம்தான் ஏமாற்றம். ஒரே பொட்டலத்தில் தடித்த மணிகளும் மெலிந்த மணிகளும் கலந்திருக்கின்றன; சிலவற்றின் துளை ஊசி ஒருமுறை சென்றதுமே அடைத்துக்கொள்ளும் அளவுக்குக் குறுகலானது. பெயோட்டியும் பிரிக்கும் மணிகளின் சீரான அளவை நம்பியே நிற்கும் பின்னல்கள் என்பதால், ஓரம் கோணுவது தம் கைக்குற்றமா மணியின் குற்றமா என்று கற்பவரால் பிரித்தறிய முடியாது. இந்த இரு பின்னல்களுக்கும் ஜப்பானிய நீளுருளை மணிகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுமாறு பரிந்துரைப்பேன். மியூக்கி நிறுவனத்தின் 11/0 டெலிகா மணி ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர் விட்டமும் 1.3 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. சுவர் மெல்லியது, துளை பெரியது, ஆகவே நூல் பலமுறை எளிதாகச் செல்லும். நீளமும் விட்டமும் சமமாக இல்லாததால், சாதாரணக் கட்டத்தாளில் வரைந்த உருவம் பின்னியபின் விகிதம் மாறித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளவேண்டும். ஹெரிங்போன், ரைட் ஆங்கிள் வீவ், வலைப்பின்னல் ஆகியவற்றுக்கு உருண்டை மணிகளே அழகு. அவற்றில் ஜப்பானிய டோஹோ மணிகள் சீரானவை. செக் நாட்டு மணிகள் சற்றே தட்டையானவை, அவற்றின் மென்மையான ஏற்றத்தாழ்வு கயிறுகளில் இனிமையாக இருக்கும்.

நிறப்பூச்சைப் பற்றி வகுப்பு ஒன்றும் சொல்லாததும் வருத்தமே. நகை தோலில் உரசும், வியர்வை படும். சாதாரணக் கால்வனைஸ் பூச்சுள்ள உலோக நிற மணிகள் உரசலில் பளபளப்பை இழந்து வெளிறிவிடும். சாயமேற்றிய இளஞ்சிவப்பு, ஊதா மணிகளில் பல வெயிலில் மங்கிவிடும். நீடித்த பூச்சென்று குறிக்கப்பட்ட வகைகள், எடுத்துக்காட்டாக மியூக்கியின் டியூராகோட், இதற்காகவே வந்தவை.

பெட்டியிலுள்ள நூல் பெயரில்லாத நைலான் நூல். நைலான் நீளும் தன்மையுடையது; பின்னத் தொடங்கும்முன் அதை நன்றாக இழுத்துத் தேன்மெழுகு தடவிக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் நகை அணிய அணிய நூல் நீண்டு மணிகளுக்கு இடையே இடைவெளி விழும். இதைச் சொல்ல இரண்டு வாக்கியங்கள் போதும். பாடங்களில் எங்கும் அவை இல்லை. தூண்டில் நூலாக உருவாக்கப்பட்டு மணிவேலைக்காரர்களால் விரும்பி ஏற்கப்பட்ட ஃபயர்லைன் மிகக் குறைவாகவே நீளும், எளிதில் அறாது. 6 பவுண்டு இழுவிசை தாங்கும் வகை 11/0 மணிகளுக்கு ஏற்றது. அதன் சாம்பல் நிற வகையின் பூச்சு விரலிலும் வெளிர்நிற மணிகளிலும் கறையாக ஒட்டும் என்பதால், வெண்ணிற மணிகளுக்கு வெள்ளை வகையை எடுப்பது நல்லது. பெட்டியிலுள்ள 10ஆம் எண் ஊசிகள் நன்றாகவே உள்ளன. 15/0 மணிகளைத் தொடும் பாடங்களுக்கு 12 அல்லது 13ஆம் எண் ஊசி தேவை. அது பெட்டியில் இல்லை.

அந்த 15/0 மணிகள் பயன்படும் பாடம், முன்னும் பின்னும் கூர்முனையாகக் குவிந்த ரிவோலி என்னும் வட்டக் கல்லைப் பசையின்றி மணிக்கூட்டுக்குள் அடைப்பது. 14 மில்லிமீட்டர் கல்லுக்கு 36 டெலிகா மணிகளை வளையமாகக் கோத்து, பெயோட்டி முறையில் ஒரு சுற்று பின்னி, பிறகு 15/0 மணிகளில் இரண்டு சுற்றுகள் இறுக்கமாகப் பின்னினால் வளையம் உள்நோக்கிக் கவிந்து கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. கல்லை உள்ளே வைத்து மறுபக்கத்தையும் அப்படியே மூடிவிடலாம். மணியின் அளவை மாற்றினாலே தட்டையான பின்னல் கிண்ணமாகக் குவிகிறது என்ற இந்தக் கருத்தைக் கற்றபின், வேறு அளவுள்ள கற்களுக்கு எண்ணிக்கையை நாமே கண்டறிய முடிகிறது. முதல் பாடத்திலிருந்து பொறுமையாகக் கட்டியெழுப்பிய அறிவு இங்கே முழுப் பயன் தருகிறது.

முடிக்கும் பாடமோ மிகவும் அவசரமானது. வால் நூலை ஒரே நேர்கோட்டில் இழுத்து வெட்டிவிட்டால் அது நாளடைவில் வெளியே வந்துவிடும். பின்னலின் வழியையே பின்பற்றித் திசையை மாற்றி மாற்றிச் செலுத்தி, இடையிடையே அரை முடிச்சுகள் போட்டபின்தான் வெட்டவேண்டும். கொக்கி மாட்டும் வளையத்தின் வழியாகப் பலமுறை நூலைச் செலுத்தவேண்டும், முதலில் தேய்ந்து அறுவது அந்த இடம்தான். உலோக வளையத்தின் கூர்மையான விளிம்பும் படிக மணிகளின் துளை விளிம்பும் நூலை அரிக்கும் என்ற எச்சரிக்கையும் தேவை.

பழுதுபார்ப்பதற்கும் ஒரு பாடம் சேர்க்குமாறு வகுப்பை நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். கோலத்தில் ஒரு மணி கூடுதலாகிவிட்டால் முழு வரிசைகளையும் பிரிக்கவேண்டியதில்லை, அந்த மணியை மட்டும் உடைத்து எடுக்கலாம். குறட்டால் வெளியிலிருந்து நசுக்கினால் கண்ணாடிச் சில்லுகள் உள்ளேயுள்ள நூலை அறுத்துவிடக்கூடும். துளைக்குள் தடித்த ஊசியையோ குத்தூசியையோ மெல்ல அழுத்தி உள்ளிருந்து வெளியே பிளக்கச் செய்தால் நூல் தப்பும். சில்லு தெறிக்கும் என்பதால் அப்போது கண்ணாடி அணிந்திருப்பதும், வேலையை ஒரு துணியால் மூடிக்கொள்வதும் அவசியம்.