டட்சன் 120வொய்: ஆயில் பேனுக்குள் தடுப்புத் தகடு வைத்து ஓட்டிய அனுபவம்

மலேசியாவில் தாப்பா பக்கத்துத் தோட்டப் பட்டணத்தில் குடியிருப்பவனுக்குக் கேமரன் மலைச் சாலை வீட்டு வாசல் மாதிரிதான். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பெரும்பாலும் வளைவுகள். இந்தச் சாலையில் பயமில்லாமல் ஓட்டத்தான் என் பழைய டட்சன் 120வொய் காரின் ஆயில் பேனில், அதாவது என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், கை வைத்தேன். சில வருடங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அந்த வண்டிக்குச் செய்த செலவுகளில் இதுதான் உருப்படியானது.

இந்த வண்டியின் ஏ12 என்ஜின் 1171 சிசி. அடியில் கிடக்கும் ஆயில் மூன்று லிட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வண்டி 0.6 ஜி (புவியீர்ப்பில் 0.6 மடங்கு) பக்கவிசையோடு திரும்பினால் ஆயிலின் மேல்மட்டம் சுமார் 31 டிகிரி சாயும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே திரும்பினால் முன்பக்கமும் பக்கவாட்டிலும் சேர்ந்து ஓடும். உறிஞ்சுகுழாயின் வாய் ஆயிலுக்கு வெளியே வந்துவிட்டால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். பேரிங்கில் ஆயில் படலம் அறுந்துபோகும். பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங், அதாவது கிராங்க் பக்கத்து பேரிங்.

டாஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். அழுத்தம் ஏறக்குறைய காலியான பிறகுதான் அது எரியும். அதனால் வேறெதையும் தொடுவதற்கு முன் மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்று மாட்டினேன். ரிங்லெட்டிலிருந்து லாத்தா இஸ்கந்தர் பக்கம் இறங்கும்போது, நீண்ட வளைவுகளில் 50 பிஎஸ்ஐ காட்டிக்கொண்டிருந்த முள் பாதிக்கும் கீழே இறங்கி மீண்டும் ஏறியது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றினால் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மட்டம் ரொம்ப உயர்ந்தால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரை என்றால் பாதி காற்று. எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதைவிட, இருக்கிற ஆயில் குழாய் வாயைச் சுற்றி நிற்கிறதா என்பதே முக்கியம்.

என்ஜின் ஓவர்ஹாலுக்காக இறங்கியிருந்த சமயத்தில் பேனைக் கழற்றி, செம்பனைக் குலை ஏற்றும் டிரெய்லர்களுக்கு வெல்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். குழாய் வாயைச் சுற்றி 1.2 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் நான்கு சுவர்கள், ஒவ்வொன்றிலும் உள்பக்கமாக மட்டும் திறக்கும் கீல் கதவு. அலைந்து வரும் ஆயில் கதவைத் தள்ளி உள்ளே வரும், திரும்பிப் போகப் பார்த்தால் அதே ஆயில் கதவைச் சாத்திவிடும். மேலே ஒரு மூடித் தகடு, குழாய்க்கும் டிப்ஸ்டிக்குக்கும் இடம் விட்டு.

அண்ணன் முதலில் பேனைக் கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கினார். "மெல்லிசுத் தகடு தம்பி, சூடு ஏறினா விளிம்பு வளைஞ்சிடும். அப்புறம் எந்த கேஸ்கெட்டும் ஒழுகலை நிறுத்தாது" என்றார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்றவைத்து, ஆறவிட்டு, மறுபடி பற்றவைத்தார். இந்த வேலையின் உயிரே அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது. முடிந்ததும் வெளிப்பக்கம் சாக்பீஸ் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வைத்தோம். நுண்ணிய ஓட்டை இருந்தால் சாக்பீஸில் ஈரம் தெரிந்துவிடும். குழாய் வாய்க்கும் அடித்தளத்துக்கும் உள்ள இடைவெளியைப் பிளாஸ்டிசின் உருண்டை வைத்து அளந்து 8 மில்லிமீட்டரில் நிறுத்தினோம். கூலியும் தகடும் சேர்ந்து சில நூறு வெள்ளிதான் (ரிங்கிட்).

பேனின் பக்கங்களை அகலப்படுத்தும் யோசனையும் இருந்தது. தோட்டத்து மண் சாலையில் கல் அடிக்கும் என்பதால் வேண்டாம் என்று விட்டேன்.

இப்போது அதே வளைவுகளில், அதே வேகத்தில், முள் லேசாகத்தான் அசைகிறது. ஆயில் அதே 20டபிள்யூ-50 மினரல் ஆயில்தான், எனவே இந்த மாற்றத்துக்குக் காரணம் தகடுதான் என்று துணிந்து சொல்வேன்.

குறைகளும் உண்டு. மினியாக் ஹித்தாம் (என்ஜின் ஆயில்) மாற்றும்போது சுவர்களுக்குப் பின்னால் தங்கும் ஆயில் மெதுவாகத்தான் வடியும், என்ஜின் சூடாக இருக்கும்போதே வடிப்பது நல்லது. மூலைகளில் கசடு சேரும், அதனால் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுகிறேன். இன்னொன்று, கீல் ஊசி. தேய்ந்து கழன்றால் பேனுக்குள்ளேயே விழும், கதவும் வேலை செய்யாது. ஊசியின் இரு முனைகளையும் அடித்துத் தட்டையாக்கச் சொல்லுங்கள். வெறும் வெல்டிங் பொட்டு போதாது.

பட்டணத்துக்குள் சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டி என்றால் இதெல்லாம் தேவையே இல்லை, மட்டத்தைச் சரியாக வைத்தால் போதும். மலை ஏறி இறங்குகிறவர்கள் முதலில் மீட்டரை மாட்டி, முள் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மட்டும் பேனைக் கழற்றுங்கள்.