ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைச் சென்னையில் பல வருடம் பயன்படுத்திய பிறகு

சென்னைக்குள் வழி பார்க்க நான் பல வருடமாக நம்பியிருப்பது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைத்தான். போனில் அதை வைத்து வழி சொல்லும் ஆப்புகளான ஆர்கானிக் மேப்ஸும் ஆஸ்ம்அண்டும் இருக்கின்றன, நடக்கும்போது வரைபடத்தில் விவரம் சேர்க்க ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆப். 2004-இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த ஒரு தன்னார்வ வரைபடம் நம்ம ஊருக்குச் சரிப்பட்டு வருமா என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தாராளமாகச் சரிப்படும், நெட் இல்லாமலே வேலை செய்யும். காரில் போனால் கொஞ்சம் கவனம் வேண்டும். தெரு விட்டுப்போனதால் வரும் சிக்கல் இல்லை இது, ஒரே மாதிரித் தெருவுக்கு ஆளுக்கொரு டேக், அதாவது அது என்ன வகை என்று சொல்லும் குறிச்சொல், போட்டு வைத்திருப்பதால் வருவது.

திருவல்லிக்கேணி சந்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோ ஒன்று நுழைந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் யாராவது வீட்டு வாசற்படியை ஒட்டி ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். இதற்கு ஒருவர் ஹைவே=ரெசிடென்ஷியல் (குடியிருப்புத் தெரு) போடுகிறார், இன்னொருவர் ஹைவே=சர்வீஸ் என்று போட்டு கூடவே சர்வீஸ்=ஆலி (சந்து) சேர்க்கிறார், மூன்றாமவர் ஃபுட்வே (நடைபாதை) என்று முடித்துவிடுகிறார். போட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கும், ஆனால் வழி சொல்லும் ஆப்புக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது, டேக் மட்டும்தான் தெரியும். ரெசிடென்ஷியல் என்றால் காரை உள்ளே அனுப்பும், ஃபுட்வே என்றால் பைக்கைக்கூடச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லும். என் கட்சி இதுதான்: வண்டி போகிற குறுகிய சந்து எல்லாம் சர்வீஸ்=ஆலி, கூடவே விட்த் டேக்கில் அகலம் மீட்டரில், கார் நுழையவே முடியாத இடத்தில் மோட்டார்கார்=நோ.

டீக்கடையும் இதே கதைதான். ஷாப்=டீ என்பது தேயிலைத் தூள் விற்கும் கடைக்கான டேக். நின்றுகொண்டே டீ குடிக்கிற கடைக்கு அதைப் போட்டால், சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது. அமெனிட்டி=கஃபே போடலாம், ஃபாஸ்ட்ஃபுட் போடலாம். எனக்குக் கஃபேதான் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் எல்லோரும் சேர்ந்து மற்றதை முடிவு செய்தாலும் அப்படியே போடுவேன், ஊர் முழுக்க ஒன்றாக இருந்தால் போதும்.

பெயர்கள் பற்றிச் சுருக்கமாக. எஸ்டி, ஆர்டி என்று சுருக்காமல் ஸ்ட்ரீட், ரோடு என்று முழுசாக எழுத வேண்டும் என்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது விதி. தமிழ்ப் பெயருக்குத் தனி டேக் உண்டு. அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்று தேடுகிறவர்களுக்காகப் பழைய பெயருக்கும் தனி டேக் இருக்கிறது, இரண்டையும் ஒரே பெயர்க் கட்டத்தில் சாய்கோடு போட்டுத் திணிக்க அவசியமே இல்லை.

யார் வேண்டுமானாலும் புது டேக் உருவாக்கலாம் என்பது இந்த வரைபடத்தின் பலம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தடை போடுவதைவிடக் கருவிக்குள்ளேயே வழக்கத்தை வைப்பது நன்றாக வேலை செய்கிறது. ஸ்ட்ரீட்கம்ப்ளீட் அப்படித்தான்: இந்தச் சாலை தாரா, சிமெண்டா, மண்ணா என்று படம் காட்டிக் கேட்கும், நாம் தொட்டால் போதும், டேக்கை அதுவே எழுதிக்கொள்ளும். அதனால் சாலையின் மேற்பரப்பு விவரத்தில் இந்தக் குழப்பம் ரொம்பக் குறைவு. மற்ற விஷயங்களில் டேக்குகளை விளக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் விக்கியைப் பார்த்து, எந்த டேக் எவ்வளவு புழக்கத்தில் இருக்கிறது என்று டேக்இன்ஃபோ தளத்தில் பார்த்து, அப்புறம் உள்ளூர்க்காரர்களோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். யாரிடமும் கேட்காமல் ஒரே ராத்திரியில் மொத்தமாக மாற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம், பல பேர் கால் வலிக்க நடந்து சேர்த்த விவரம் அது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற தெருக்களை மக்கள் இந்த வரைபடத்தின் மேல்தான் குறித்தார்கள். ஒவ்வொரு தெருவும் தனிக் கோடாக ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. தி.நகர் துரைசாமி சப்வே (சுரங்கச் சாலை) மாதிரி மழை வந்தால் நிரம்பும் இடங்களுக்கு ஃப்ளட்_ப்ரோன்=யெஸ் என்ற டேக் இருக்கிறது. ஒரு சப்வேயில் அதைப் போட்டு அடுத்ததில் குறிப்பு வாக்கியமாக எழுதி வைத்தால் எந்த ஆப்பாலும் இரண்டையும் சேர்த்துக் காட்ட முடியாது. சென்னையில் வரைகிறவர்கள் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது சப்வேக்களைப் பற்றித்தான், அதுவும் அக்டோபர் மழை தொடங்குவதற்கு முன்னால். சந்தும் டீக்கடையும் அதற்குப் பிறகு வரட்டும்.